குதிரைப் படமும் குறைகூறலும்

ஒரு படத்தைக் கையிற் கொடுத்து "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், நம்மவரிடமிருந்து பெரும்பாலும் இரண்டிலொரு மறுமொழியே கிடைக்கும். "நன்றாயிருக்கிறது" என்பது ஒன்று. ஒன்றுமே பேசாமல் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவது மற்றொன்று. கைப்பேசி பெருகிய பின்னர், கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் சிறு பொம்மைப் படமொன்றும் இவற்றோடு வந்து சேர்ந்திருக்கிறது. அது முதல் மறுமொழியின் சோம்பேறித் தம்பி. கண்ணாடிப் பலகையில் மின்பேனா கொண்டு குதிரைகளை வரைவதைச் சில ஆண்டுகளாக மாலைநேரப் பழக்கமாக நாம் வைத்துக்கொண்டிருப்பதால், இம்மூன்று மறுமொழிகளையும் வேண்டிய மட்டும் பெற்றிருக்கிறோம். வரைகிறவர்க்கு இவை எள்ளளவும் பயன்படா என்பதோடு, ஓரிடத்தில் பெருந்தீங்கும் செய்கின்றன என்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதலானோம்.

வரைவதற்கு வேறு பிராணி கிடைக்கவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். பூனையின் காலைச் சற்றுக் கோணலாக வரைந்தாலும் உரோமம் மறைத்துவிடும். யானையின் காலைத் தூணாக வரைந்தாலும் யானை கோபித்துக்கொள்ளாது. குதிரைக்கு அந்தச் சலுகை இல்லை. அதன் தோல் மெல்லியது. அதன்கீழே எலும்பும் தசையும் நரம்பும் கண்ணுக்குத் தெரிகின்றன. மேலும், குதிரையை வாழ்நாளில் நாலைந்து முறை கண்டவரும் அதனை நன்கறிந்தவராகவே தம்மை எண்ணிக்கொள்கின்றனர். நம் மொழியில் அதற்குப் பரி, புரவி, இவுளி, மா எனப் பல பெயர்கள்; அதன் நடைகளை ஐங்கதி என்று ஐந்தாக எண்ணினர் முன்னோர்; கத்தரித்த பிடரிமயிருக்கென்றே கொய்யுளை என்றொரு சொல்லும் உண்டு. இத்தனை பெயர் வைத்திருக்கும் நம்மைப் பார்த்து, அதன் பின்கால் எங்கே மடங்குகிறது என்று யாரேனும் கேட்டால் விழிக்கிறோம்.

பின்காலின் நடுவே பின்னோக்கித் துருத்தி நிற்கும் மூட்டைப் பலரும் முழங்கால் என்று கருதுகின்றனர். அது முழங்காலன்று, நமது குதிகாலுக்கு ஒப்பானது. மெய்யான முழங்கால் அதற்கு மேலே, வயிற்றை ஒட்டி, நம்முடையதைப் போலவே முன்னோக்கி இருக்கிறது. முன்காலில் முழங்கால் என்று சொல்லப்படுவது நம் மணிக்கட்டு. குளம்போ நடுவிரலின் நகம். ஆகவே குதிரை என்பது நான்கு நடுவிரல்களின் நுனியில் நின்று ஓடும் பிராணியாகும். அதற்குக் காறையெலும்பும் கிடையாது. முன்கால்களுக்கிடையே உடல் முழுதும் தசைகளாலேயே தொங்கவிடப்பட்டிருக்கிறது. இவற்றை அறிந்த ஒருவர் படத்தைப் பார்த்து, "இந்தக் கால் சரியில்லை" என்று சொல்லமாட்டார். "குதிகால் இரண்டு விரற்கடை கீழே இறங்கிவிட்டது" என்பார். முன்னதைக் கேட்டவன் பலகையை மூடிவிட்டுப் படுக்கச் செல்வான். பின்னதைக் கேட்டவன் பேனாவைத் தேடுவான்.

இவ்வறிவு எளிதில் வந்ததன்று. ஜார்ஜ் ஸ்டப்ஸ் என்னும் ஆங்கில ஓவியர், 1756-ஆம் ஆண்டு தொடங்கி ஏறக்குறைய 18 மாதம், லிங்கன்ஷையரிலுள்ள ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் ஒரு பண்ணைவீட்டை அமர்த்திக்கொண்டு, இறந்த குதிரைகளைத் தொங்கவிட்டு, தோலையும் தசையையும் படிப்படியாக நீக்கி, ஒவ்வொரு படியையும் வரைந்தார். செப்புத் தகட்டில் செதுக்கித் தர முன்வருவாரில்லாமையால் அதனையும் தாமே செய்தார். அந்நூல் 1766-இல் வெளிவந்தது. அந்த 18 மாத நாற்றத்தையும் ஒரு மனிதர் பொறுத்துக்கொண்டதன் பயனாகவே, இன்று யாரோ ஒருவர் மற்றொருவரின் படத்தைப் பார்த்து "குதிகால்" என்று துணிந்து சொல்ல முடிகிறது.

இனிக் கருவியைப் பற்றி ஒரு சொல். காகிதத்தில் வரைந்த படத்தின்மேல் குறைகண்டவர் கோடு இழுத்தால் படம் கெட்டது. கண்ணாடிப் பலகையிலோ, எண்ணெய்த் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்ததுபோலப் படம் பல அடுக்குகளாக அமைகிறது. குறைகாண்பவர் மேலே புதிய அடுக்கொன்றைத் திறந்து சிவப்புக் கோட்டால் தம் கருத்தை வரைந்து காட்டலாம். வேண்டாவிடின் அவ்வடுக்கை மறைத்துவிடலாம். அடியிலுள்ள படத்திற்கு ஊறில்லை. படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்க்கவும் ஒரு பொத்தான் உண்டு. பல மணிநேரம் பார்த்துப் பழகிய கண் காணாத கோணலெல்லாம், திருப்பிய அக்கணத்திலேயே பளிச்சென்று தெரியும். சம்பளமும் முகதாட்சணியமும் இல்லாத திறனாய்வாளன் இந்தப் பொத்தான்.

ஆயினும் இவ்வெளிமையில் ஒரு கேடும் உண்டு. கேளாமலே பிறர் படத்தின்மேல் சிவப்புக் கோட்டால் தம்முடைய குதிரையை வரைந்து அனுப்பிவிடுகிறவர்கள் இருக்கின்றனர். அவர்கள் திருத்துவது படத்தையன்று; வரைந்தவரை நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டுத் தாம் அமர்கின்றனர். அயல்வீட்டு அடுப்பங்கரைக்குள் நுழைந்து குழம்பில் உப்பைப் போடுவதைப் போன்றது இது. உப்புக் குறைவாகவே இருந்தாலும் செய்யத்தக்கதன்று.

நிற்க. நாம் பணிபுரியும் தோட்டத்தில் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி இருக்கிறாள். தந்தையார் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். விரிசல் விழுந்த கைப்பேசியொன்றில், பேனாகூட இல்லாமல், விரல் நுனியாலேயே குதிரைகளை வரைந்துவருகிறாள். பள்ளியில் பரிசு கொடுத்தார்கள். தோட்டத்திற்கு வந்த பெரிய மனிதர்களெல்லாம் அவள் படங்களைப் பார்த்து, "தோட்டத்துப் பிள்ளை இவ்வளவு வரைகிறதே!" என்று வியந்து, உடன் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். எஸ்.பி.எம். முடித்ததும் ஒரு கலைக்கல்லூரிக்குப் பத்துப் படங்களை அனுப்பினாள். இடமில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. காரணம் ஒன்றும் இல்லை. அதற்குப் பின்னரே அவள் நம்மிடம் வந்தாள். கைப்பேசியை நீட்டும்போது அவள் சொன்னது இது: "சார், நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை எல்லோரும் சொல்லிவிட்டார்கள்."

"தோட்டத்துப் பிள்ளை" என்னும் அந்த அடைமொழியை நேயர்கள் உற்று நோக்க வேண்டும். அவள் நகரத்து மருத்துவர் ஒருவரின் மகளாயிருந்தால், அதே பெரிய மனிதர்கள் குளம்பின் கோணத்தை ஆராய்ந்திருப்பார்கள். நல்ல ஆசிரியரைத் தேடிக் கொடுத்திருப்பார்கள். லாரி ஓட்டுநரின் மகளுக்கோ, இதுவே அதிகம் என்று அளவுகோலைப் பாதியாக ஒடித்துவைத்துக்கொண்டு அளந்தார்கள். குட்டையான கோலால் அளந்து தரும் புகழ், இனிப்புத் தடவிய இழிவேயன்றி வேறன்று. சாதியை ஒழிக்க வேண்டுமென்று மேடையில் முழங்குகிறவர்களின் வாயிலிருந்தே இந்த இனிப்பு வருகிறது என்பதுதான் நம்மைச் சுடுகிறது. ஏழு ஆண்டுகள் அவள் வரைந்திருக்கிறாள். அந்த ஏழு ஆண்டுகளில் ஓர் எலும்பின் பெயரைக்கூட ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை.

பத்துப் படங்களில் முதலாவது, வெள்ளைக் குதிரையொன்று முழுப் பாய்ச்சலில் ஓடுவது. முன்கால்கள் இரண்டும் முன்னே நீண்டும், பின்கால்கள் இரண்டும் பின்னே நீண்டும், வயிறு தரையைத் தொடுமளவுக்குத் தாழ்ந்தும் இருந்தன. வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்தின் மேல்வரம்பு காதிலிருந்து முதுகு வரை ஒரே இழுப்பில் வந்திருந்தது. முதலில் அதனைச் சொன்னோம். நல்லதையும் இடஞ்சுட்டியே சொல்ல வேண்டுமென்பது நம் கொள்கை. "அழகு" என்று பொதுவாகச் சொன்னால், எதைக் காப்பாற்ற வேண்டுமென்று வரைந்தவர்க்குத் தெரியாது. அடுத்த முறை திருத்தும்போது அதையே அழித்துவிடக்கூடும். பின்னர், முன்குளம்புகள் தரையை நோக்கும் கோணத்தையும், தோள் எலும்பு கழுத்துக்குள் மறைந்துவிட்டதையும் காட்டினோம். கடைசியாகக் கால்களுக்கு வந்தோம்.

இவ்வாறு நான்கு கால்களும் நீண்டு பறக்கும் குதிரையை வரைந்தவள் அவள் ஒருத்தியல்லள். பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தயப் படம் பாரிஸ் லூவர் காட்சிசாலையில் இருக்கிறது. அதிலுள்ள குதிரைகளெல்லாம் இப்படித்தான் பறக்கின்றன. 1878-இல் எட்வர்டு மைபிரிட்ஜ் என்பவர் அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், ஓடுபாதையோரம் புகைப்படக் கருவிகளை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையின் கால் பட்டு இழுபடும் நூல்களாலேயே அவை ஒவ்வொன்றாகப் படமெடுக்கும்படி செய்தார். பாய்ச்சலில் குதிரையின் நான்கு கால்களும் நிலத்தை விட்டு எழுவது மெய். ஆனால் அப்போது அவை நீண்டிருப்பதில்லை, வயிற்றின்கீழ் மடங்கிக் கூடியிருக்கின்றன என்பது அன்று உலகுக்குத் தெரிந்தது.

இதைச் சொல்லி, கால்களை மடக்கி வரைந்து பார்க்கும்படி கூறினோம். அவள் சற்றே யோசித்துவிட்டு, "மடக்கினால் குதிரை ஓடாது, சார், அந்தரத்தில் நின்றுவிட்டதுபோல் இருக்கும்" என்றாள். நாம் பெரிதும் மகிழ்ந்தோம். ஏனெனில், சிற்பி ரோடின் 1911-இல் வெளிவந்த உரையாடல் நூலொன்றில் ஜெரிக்கோவின் குதிரைகளுக்காக இதனையேதான் வாதாடினார்: காலம் நிற்பதில்லை, புகைப்படமோ அதனை நிறுத்திக் காட்டுகிறது, ஆதலால் மெய் சொல்பவர் ஓவியரே என்பது அவர் கட்சி. அந்நூலின் பெயரையும் கேட்டறியாத பெண், தன் கண்ணை மட்டும் துணைகொண்டு அவ்விடத்திற்கே வந்து நின்றாள். கால்களைப் பற்றிய பேச்சை அத்தோடு நிறுத்திக்கொண்டோம். இதுகாறும் வழக்கமென்று வரைந்ததை இனித் தெரிந்து வரைவாள். அதற்கு மேல் நாம் கேட்கத்தக்கது ஒன்றுமில்லை.

வாயைப் பற்றிச் சொன்னவர் வேறொருவர். அப்பெண்ணின் பாட்டனாருக்குத் தம்பி முறையானவர்; சிங்கப்பூரில் பந்தயக் குதிரைகளைக் குளிப்பாட்டித் தேய்த்து நடத்திப் பராமரிக்கும் வேலையில் வாழ்நாளைக் கழித்தவர். 1842-இல் தோன்றிய அப்பந்தயக் கழகத்தின் கடைசிப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் நாள் கிராஞ்சியில் நடந்து முடிந்தது. அதன்பின் ஊர் திரும்பித் தம்பி மகன் வீட்டில் இருக்கிறார். படத்தைக் காட்டியபோது முதலில் வாயே திறக்கவில்லை. "லாயம் கூட்டியவனுக்குப் படத்தைப் பற்றி என்ன தெரியும், கிராணியாரே?" என்றார். வற்புறுத்திய பிறகு சொன்னார்: "குதிரை வாயால் மூச்சுவிடாது, மூக்கால்தான் விடும். நாய்தான் வாயைத் திறந்துகொண்டு ஓடும். கடிவாளத்தை இழுத்துப் பிடித்தால் குதிரையும் வாயைத் திறக்கும். ஆனால் இந்தக் குதிரைக்குக் கடிவாளமே இல்லையே!" பிறகு தம் மூக்கை விரித்துக் காட்டி, பாய்ச்சலில் ஓர் எட்டுக்கு ஒரு மூச்சு என்று கையால் தொடையைத் தட்டித் தாளம் போட்டார். அறிவியலும் இதனையே சொல்கிறது. குதிரையின் தொண்டை அமைப்பு வாய்வழியாக மூச்சுவிட இடங்கொடுப்பதில்லை. பாயும்போது எட்டும் மூச்சும் ஒன்றோடொன்று பூட்டியவை.

அவருடைய தயக்கத்தைக் கேட்டபோது, பிளினி என்னும் ரோமர் எழுதிவைத்த பழைய கதையொன்று நினைவிற்கு வந்தது. கிரேக்க ஓவியர் அபெல்லீஸ், தம் படங்களைத் தெருவோரம் வைத்துவிட்டுப் பின்னே மறைந்து நின்று, போவோர் வருவோர் சொல்வதைக் கேட்பாராம். செருப்புத் தைப்பவர் ஒருவர் படத்திலுள்ள செருப்பில் ஒரு வார் குறைகிறது என்றார், அபெல்லீஸ் திருத்தினார். மறுநாள் அவர் காலைப் பற்றியும் குறைசொல்லத் தொடங்கவே, செருப்புக்கு மேலே பேசாதே என்று சினந்தாராம். மேல்நாட்டார் இக்கதையைச் சுவையாகச் சொல்லிச் சிரிப்பர். நமக்குச் சிரிப்பு வருவதில்லை. உன் செருப்போடு நில் என்னும் சொல்லின் பொருளை நம் இனத்தில் பாதிப்பேர் பரம்பரை பரம்பரையாக அறிவார்கள். அந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டுத்தான், நாற்பதாண்டு குதிரையோடு வாழ்ந்த முதியவர் குதிரைப் படத்தைப் பார்த்து வாய்பொத்தி நிற்கிறார்.

இதினும் நாம் விரும்புவது மற்றொரு கிரேக்கக் கதை. மைக்கோன் என்ற ஓவியர் வரைந்த குதிரையைப் பார்த்து, குதிரையேற்றத்தில் வல்லவரான சீமோன் என்பவர், கீழிமையில் மயிர் வரைந்திருக்கிறாரே, குதிரைக்குக் கீழிமையில் மயிர் இல்லையே என்றாராம். சீமோன் ஓவியரல்லர், குதிரையோடு பழகியவர். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அச்சொல் நிலைத்து நிற்கிறது. (அபெல்லீஸைப் பற்றி இன்னொன்றும் பிளினி சொல்லியிருக்கிறார். போட்டியொன்றில் நடுவர்களை நம்பாமல் உயிருள்ள குதிரைகளையே கொண்டுவந்து காட்டச் சொன்னாராம். அவர் வரைந்த குதிரையைப் பார்த்து மட்டும் அவை கனைத்தனவாம். கதையோ மெய்யோ அறியோம். ஆனால் குதிரைகள் "நன்றாயிருக்கிறது" என்று ஒப்புக்குச் சொல்வதில்லை.)

குறை சொல்லுமுன் அக்குதிரை எதற்காக வரையப்பட்டது என்று கேட்டுக்கொள்ளவும் வேண்டும். சீன ஓவியர் சூ பெய்ஹோங் 1939-இல் சிங்கப்பூருக்கு வந்து, தம் படங்களைக் காட்சிக்கு வைத்து, போரில் வீடிழந்த தம் நாட்டு மக்களுக்காகப் பணம் திரட்டினார். 1941-இல் கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களிலும் காட்சிகள் நடந்தன. அவருடைய குதிரைகள் கருமையால் நாலு வீச்சில் எழுந்தவை, கால்கள் நீண்டவை, பிடரிமயிர் புகைபோலப் பறப்பது. பாரிஸில் உடற்கூறு பயின்றவர் அவர். எலும்பு தெரியாமல் அப்படி வரைந்தாரல்லர். அடிபட்ட ஒரு நாடு எழுந்து ஓட வேண்டும் என்பதே அக்குதிரைகளின் வேலை. அதேபோல், தமிழ்நாட்டுக் கிராமங்களில் அய்யனாருக்கு நேர்ந்துவைக்கும் மண்குதிரைகளின் கால்கள் உருளைத் தூண்கள். ஆளுயரத்திற்கு மேற்பட்ட மண் தன் பாரத்தைத் தானே தாங்கிச் சூளையில் வேக வேண்டுமானால் கால் அப்படித்தான் இருந்தாக வேண்டும். நேர்த்திக்கடனில் நமக்கு நம்பிக்கையில்லை. குயவரின் கையில் உண்டு.

கொடுப்பதைப் பற்றி இவ்வளவு சொன்னோம். பெறுவது இதனினும் கடினம். அதிலும் நம் உத்தியோகம் ஒரு தடை. சம்பளப் பட்டியல் எழுதும் கை வரைந்த குதிரைக்கு ஐந்து கால் இருந்தாலும் தோட்டத்தில் "பலே" என்றுதான் சொல்வார்கள். அதனால் நம் படமொன்றைப் பெயரில்லாமல் அப்பெண்ணின் படங்களோடு கலந்து காட்டும்படி ஏற்பாடு செய்தோம். குலை ஏற்றும் இளைஞர் ஒருவர் உடனே, "இந்தக் குதிரைக்கு முழங்கால் பின்பக்கமாக மடங்குகிறதே!" என்று நகைத்தாராம். அவர் சுட்டியது குதிகாலை. அஃது இருக்க வேண்டியபடியே இருந்தது. ஏடெடுத்து விளக்கி அவர் வாயை அடைத்துவிடலாம். ஆனால் அவர் கண் ஏன் இடறியது என்று பார்த்தபோது, தொடையின்மேல் படிந்த நிழல் மெய்யான முழங்காலை மறைத்து நின்றமையால், பார்ப்பவர்க்குக் குதிகால் ஒன்றே மூட்டாகத் தோன்றியது தெரிந்தது. நோயாளி கைவைத்துக் காட்டும் இடத்திலேயே நோய் இருக்க வேண்டுமென்பதில்லை. அதற்காக வலி பொய்யாகிவிடாது. நிழலை ஒரு படி வெளுத்தோம். அந்த இளைஞரை இப்போது வாரந்தோறும் தேடிப் போகிறோம். தம்மிடம் ஏன் வருகிறார்கள் என்பது அவருக்கு இன்னும் விளங்கவில்லை போலும். தேநீர் வாங்கித் தருகிறார்.

அடுத்த சேர்க்கைக்கு அனுப்ப அப்பெண் எட்டுப் படங்களை ஆயத்தம் செய்திருக்கிறாள். வெள்ளைக் குதிரை வாயை மூடிக்கொண்டு, மூக்கை விரித்துக்கொண்டு, நான்கு கால்களையும் நீட்டிப் பறக்கிறது. அதனருகிலேயே, அதே குதிரை கால்களை மடக்கிய நிலையிலும் வரையப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒன்றாக அனுப்பப்போகிறாளாம். சென்ற வாரம் நம் படமொன்றை வாங்கிப்போனவள், மேலே ஓர் அடுக்குத் திறந்து சிவப்பில் ஏழிடங்களைக் குறித்துத் திருப்பி அனுப்பினாள். ஆறிடங்களில் எலும்பின் பெயர் இருந்தது. ஏழாவதாக, வாலருகே, ஒரு கேள்வி மட்டும்: "காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, சார்?"

அந்த அடுக்கை இன்னும் மறைக்கவில்லை.